மீண்டும் வராத வாடிக்கையாளர்

நெடுஞ்சாலை ஓட்டல்களின் வாசல் வளைவில், உள்ளே நுழையும்போது ‘நல்வரவு’ என்றும் வெளியே வரும்போது ‘நன்றி, மீண்டும் வருக’ என்றும் எழுதியிருக்கும். போன மே மாதம் அப்படி ஒரு வளைவின் கீழ் நின்று என் மாமா இரண்டாவது வரியைச் சத்தமாகப் படித்தார். “நான் எதுக்குய்யா மீண்டும் வரப்போறேன்?” என்று வளைவிடமே கேட்டுவிட்டு வேனில் ஏறினார்.

மதுரையில் ஒரு கல்யாணம். 11 பேர் வேன் பிடித்துக் காலை 8 மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டை வரும்போது மணி 12 ஆகப்போகிறது. பசிக்கிறது என்று சித்தி சொன்னார். பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த பெரிய சைவ ஓட்டலின் கிளை ஒன்று இருந்தது. “அங்க எந்த ஊருக்குப் போனாலும் ஒரே டேஸ்ட்டு. இன்னும் கொஞ்சம் முன்னாடி போனா நல்ல கடை வரும்” என்றார் மாமா. தொழுதூரில் ஒரு கடை. கூட்டம் அதிகம், இடம் கிடைக்காது என்றார். பெரம்பலூர் பக்கம் ஒன்று. ஆளே இல்லை, ஈ ஓட்டுகிறான் என்றார். திருச்சியில் ஊருக்குள் போனால் ஒரு மணி நேரம் போய்விடும் என்று புறவழிச்சாலையிலேயே போனோம். கடைசியில் துவரங்குறிச்சி தாண்டி 3:15-க்கு, வேறு வழியில்லாமல் ஒரு கடையில் உட்கார்ந்தோம். “மீல்ஸ் முடிஞ்சிருச்சு சார். பரோட்டா இருக்கு, ஃப்ரைட் ரைஸ் இருக்கு” என்றார் சர்வர். காலையில் போட்டு அடுக்கியிருந்த பரோட்டா, மேலே சிவப்பாக எண்ணெய் ஆடை கட்டிய ஆறிப்போன சால்னா. பில் 2,340 ரூபாய்.

மாமாவை அன்று எல்லோரும் திட்டினோம். ஆனால் அவர் மாட்டிக்கொண்ட சிக்கல் கணிதத்தில் பெயர் பெற்ற ஒன்று. வரிசையாக வரும் வாய்ப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். ஒன்றை விட்டுவிட்டால் திரும்பிப் போய் எடுக்க முடியாது. எங்கே நிறுத்துவது? 1960-ல் ஓர் அமெரிக்க அறிவியல் இதழில் புதிராக வெளிவந்து இது பரவலானது. மொத்த வாய்ப்புகளில் முதல் 37 சதவீதத்தைச் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டும். அப்புறம் அதுவரை பார்த்ததைவிட நல்லதாக முதலில் எது வருகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விடை. நடுவே தடுப்புச் சுவர் வைத்த நான்குவழிச் சாலை இந்தக் கணக்குக்கென்றே போட்டது போல இருக்கிறது. தவறவிட்ட கடைக்குத் திரும்ப வேண்டுமென்றால் அடுத்த திருப்பம் எத்தனை கிலோமீட்டரில் வருமோ! 12 மணியிலிருந்து 3 மணி வரை சாப்பாட்டு நேரம் என்று வைத்துக்கொண்டால், 1:07 வரை பார்த்துக்கொண்டே போகலாம். அதற்கு மேல் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. மாமாவின் தவறு 1:07-க்குப் பிறகுதான் நடந்தது.

அதுகூடப் பாதி நியாயம்தான். அந்தச் சூத்திரம் இருப்பதிலேயே மிகச் சிறந்ததைப் பிடிப்பதற்கான கணக்கு. பசித்த மனிதருக்கு மிகச் சிறந்தது எதற்கு? ‘போதுமான அளவு நல்லது’ கிடைத்தவுடன் தேடலை நிறுத்துவதுதான் மனிதர்கள் உண்மையில் செய்வது என்று ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் 1950களிலேயே எழுதினார். 1978-ல் பொருளாதார நோபல் பரிசும் பெற்றார். சித்தி நோபல் எதுவும் வாங்காமலேயே உளுந்தூர்பேட்டையில் அதைத்தான் சொன்னார்.

ஆனால் எங்கே நிறுத்துவது என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வெளியில் இருந்து பார்த்து ஒரு கடை நல்ல கடை என்று எப்படித் தெரியும்?

சொந்த ஊரில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. தெருமுனைக் கடையில் இட்லி எப்போது சூடாக இருக்கும், எந்தக் கிழமை சாம்பார் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. கடைக்காரருக்கும் நம்மைத் தெரியும். ஒரு நாள் புளித்த மாவில் தோசை ஊற்றினால் நாம் நாளைக்கு எதிர்க்கடைக்குப் போய்விடுவோம் என்பது அவருக்குத் தெரியும். நாளை என்று ஒன்று இருப்பதுதான் அந்தக் கடையை ஒழுங்காக வைத்திருக்கிறது. வழிப்போக்கருக்கு நாளை கிடையாது. என் மாமா அந்த வளைவைப் பார்த்துக் கேட்டது கோபத்தில் கேட்டதுதான் என்றாலும், விஷயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. மீண்டும் வரப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், பரோட்டாவை அடுக்கி வைத்தவருக்கும் தெரியும்.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, விற்பவருக்குத் தரம் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் என்ன ஆகும் என்று ஆராய்கிறது. பழைய கார் வியாபாரம்தான் அதன் முக்கிய உதாரணம். ஆனால் கட்டுரையின் பின்பகுதியில் ஓட்டல்களும் வருகின்றன. அமெரிக்காவில் ஒரே பெயரில் இயங்கும் சங்கிலி ஓட்டல்கள் பெரும்பாலும் ஊர்களுக்கு இடையே ஓடும் நெடுஞ்சாலைகளில் இருப்பது ஏன் என்று அவர் கேட்கிறார். அங்கே சாப்பிடுபவர்கள் உள்ளூர்க்காரர்கள் இல்லை. உள்ளூர்க்காரருக்குத் தன் ஊரில் அதைவிடப் பிடித்த கடை எது என்று தெரியும்; வழிப்போக்கருக்குத் தெரியாது. நீங்கள் இந்தக் கிளைக்குத் திரும்பி வராவிட்டாலும் அதே பெயர் கொண்ட இன்னொரு கிளைக்குப் போவீர்கள். எனவே இங்கே ஏமாற்றினால் நஷ்டம் அங்கே விழும். மாமா குறையாகச் சொன்ன ‘ஒரே டேஸ்ட்டு’தான் அந்தக் கடை விற்கும் பொருளே.

நம் ஊரில் இது ஏன் இப்போது இவ்வளவு முக்கியமாகிவிட்டது என்பதற்குச் சாலையும் ஒரு காரணம். சென்னை–திருச்சி சாலை, அதாவது எல்லோரும் இன்னும் என்.எச். 45 என்று சொல்லும் அந்தச் சாலை, ஒரு காலத்தில் திண்டிவனத்துக்குள்ளும் விழுப்புரத்துக்குள்ளும் புகுந்துதான் போனது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் வழிப்போக்கர், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, உரக்கடைக்காரர் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். குமாஸ்தாவுக்குப் பயந்து போட்ட நல்ல சாப்பாடு வழிப்போக்கருக்கும் கிடைத்தது. நான்குவழிச் சாலை வந்ததும் புறவழிச்சாலைகள் வந்தன. வழிப்போக்கர் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று பிரிந்துபோனது. ஊருக்குள் இருந்த பழைய கடைகளுக்குப் பயணிகள் வருவது நின்றுபோனது. புறவழிச்சாலைக் கடைகளுக்கு உள்ளூர்க்காரர் வாய்க்கவே இல்லை. ருசி குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் சமையல்காரரைத்தான் குறை சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதிக் குற்றம் சாலை வரைபடத்தின் மேல்தான்.

இதன் உச்சம் பேருந்து நிற்கும் மோட்டல். “டீ காபி சாப்பிடறவங்க சாப்பிடலாம், வண்டி பத்து நிமிஷம் நிக்கும்” என்ற குரலைக் கேட்டு விழித்துக்கொள்ளாதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. வெளியே ஸ்பீக்கரில் பாட்டு அலறும். தண்ணீர் பாட்டிலிலிருந்து பிஸ்கட் வரை அச்சிட்ட விலையைவிடக் கூடுதல் என்ற புகார் பல வருடங்களாக இருக்கிறது. அங்கே நாம் கடையைத் தேர்ந்தெடுக்கவில்லை. வண்டி எங்கே நிற்கிறதோ அதுதான் கடை. தினமும் அந்தக் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஓட்டுநரும் நடத்துநரும்தான். நாம் அவர்கள் கொண்டுவந்து இறக்கும் சரக்கு. கொஞ்சம் கவனித்தால் தெரியும், அவர்களுக்குத் தனி மேசை, சூடான ஆம்லெட், முகம் பார்த்த உபசரிப்பு. அந்தக் கடையும் தன் நிரந்தர வாடிக்கையாளரை நன்றாகத்தான் கவனித்துக்கொள்கிறது.

இப்படிப் பார்த்தால், பயணத்தில் ஓட்டல் தேர்ந்தெடுக்க நாம் வைத்திருக்கும் அத்தனை உத்திகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. திரும்பத் திரும்ப வருகிற யாரோ ஒருவருடைய அனுபவத்தைக் கடன் வாங்குகிறோம். அந்த யாரோ ஒருவர் யார் என்பதில்தான் உத்திக்கு உத்தி வித்தியாசம்.

லாரி நிற்கும் கடையில் சாப்பிடு என்பது நம் அப்பாக்கள் சொன்ன சூத்திரம். மாதம் நாலு தடவை அதே சாலையில் போகிறவர்களுக்குத் தெரியாதா என்பது அதன் தர்க்கம். சரிதான், ஆனால் லாரிக்காரர் கடை தேடும்போது ருசியை மட்டுமா பார்க்கிறார்? 14 சக்கர வண்டியை ஒடித்துத் திருப்பி நிறுத்த இடம் வேண்டும். குளிக்கத் தண்ணீர்த் தொட்டி வேண்டும். தார்ப்பாயை அவிழ்த்துத் திருடாமல் இருக்க வெளிச்சம் வேண்டும், படுக்க ஒரு கயிற்றுக் கட்டில் கிடைத்தால் நல்லது. இவையெல்லாம் இருக்கும் கடையில் குழம்பு சுமாராக இருந்தாலும் லாரிகள் வரிசையாக நிற்கும். தவிர, நம் பக்கத்து லாரிக்காரர்களில் பலர் அடுப்பும் பாத்திரமும் வண்டியிலேயே வைத்துக்கொண்டு, மர நிழலில் நிறுத்தித் தாங்களே பொங்கிச் சாப்பிடுகிறவர்கள். அவர்களுடைய மீன் குழம்புக்கு எந்தக் கடையும் ஈடாகாது. நமக்குத்தான் அங்கே இடமில்லை.

அடுத்தது கூட்டம். கூட்டம் இருக்கிற கடைக்குப் போவது எல்லோரும் செய்வது. அபிஜித் பானர்ஜி என்ற பொருளாதார அறிஞர் 1992-ல் மந்தை மனோபாவம் பற்றி எழுதிய கட்டுரை இந்த ஓட்டல் உதாரணத்தோடுதான் விளக்கத்தைத் தொடங்குகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடைகள். முதல் கடை கொஞ்சம் நன்றாக இருக்கலாம் என்று பொதுவாக ஒரு மயிரிழை எண்ணம், 51-க்கு 49. நூறு பேர் வருகிறார்கள். அவர்களில் 99 பேருக்கு ‘இரண்டாவது கடைதான் நல்லது’ என்று தனித்தனியாகத் துப்பு கிடைத்திருக்கிறது. ஒரே ஒருவருக்கு மட்டும் முதல் கடை நல்லது என்று துப்பு. அந்த ஒருவர் முதலில் வந்து தொலைக்கிறார். முதல் கடைக்குள் போய் உட்காருகிறார். அடுத்து வருபவர் யோசிக்கிறார்: என் துப்பு இரண்டாவது கடை என்கிறது, அவர் துப்பு முதல் கடை என்றிருக்க வேண்டும், இரண்டும் கழிந்துவிட்டது, மிச்சம் இருப்பது அந்த 51. அவரும் முதல் கடைக்குப் போகிறார். மூன்றாமவரும் அப்படியே. நூறு பேரும் ஒரே கடையில். 99 பேருக்குத் தெரிந்த உண்மை யாருக்கும் பயன்படவில்லை. யாருமே முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

கடைக்காரர்களுக்கு இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. முதலில் வரும் குடும்பத்தைச் சாலையைப் பார்த்த மேசையில்தான் உட்கார வைப்பார்கள். பரோட்டாக் கல்லை வாசலில் போடுவதும் அதற்குத்தான். மாஸ்டர் மாவை விசிறும்போது தெருவே பார்க்கும். கொத்துப் பரோட்டாவின் டணக் டணக் சத்தம், உள்ளே ஒரே ஒரு ஆள் சாப்பிட்டாலும் பத்துப் பேர் சாப்பிடுகிற மாதிரி கேட்கும்.

ஆனாலும் கூட்டத்தை நம்புவது வெறும் மந்தைத்தனம் இல்லை என்று நான் நினைக்கிறேன். புத்தகம் விற்காமல் கிடந்தால் கெட்டுப்போகாது; சட்னி கெட்டுப்போகும். கூட்டம் இருக்கிற கடையில் தோசை மாவு புளிக்கும் முன்பே தீர்ந்துவிடும், வடை எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராக இலைக்கு வரும். முதல் கடைக்கு நூறு பேர் தவறிப் போனார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போன காரணத்தாலேயே சாயங்காலத்துக்குள் அந்தக் கடைதான் நல்ல கடையாகியிருக்கும். ஈ ஓட்டுகிற கடைக்காரர் நேற்று வரை அருமையாகச் சமைத்தவராகக்கூட இருக்கலாம். ஆனால் மதியம் 3 மணிக்கு அவரிடம் இருப்பது 12 மணிச் சோறுதான். “வெளியூர்ல தேங்காய்ச் சட்னி வேண்டாம், சாம்பார் ஊத்திக்கோ” என்று அம்மாக்கள் சொல்வது இதே அறிவுதான்.

பெயர்ப் பலகைகளைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். ‘பவன்’ என்றால் சைவம் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ‘மிலிட்டரி ஓட்டல்’ என்றால் அசைவம், ‘மெஸ்’ என்றால் வீட்டுச் சாயலில் சமையல், அதிகமாகத் துடைக்காத மேசை. சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இந்த ஒற்றைச் சொல்லை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். இதில் வியப்பானது முனியாண்டி விலாஸ். மாநிலம் முழுக்க, மாநிலத்துக்கு வெளியிலும் இருக்கும் அந்தப் பெயருக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது, கம்பெனியும் கிடையாது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகே வடக்கம்பட்டி என்ற ஊரைச் சேர்ந்தவர்கள், உறவினர்கள், அவர்களிடம் வேலை பார்த்துக் கிளம்பியவர்கள் என்று ஆளாளுக்குத் திறந்த கடைகள். முதல் கடை 1930களில் காரைக்குடியில். ஊர் தெய்வமான முனியாண்டி சாமியின் பெயர். வருடத்துக்கு ஒரு முறை எல்லோரும் ஊருக்குத் திரும்பித் திருவிழா நடத்துகிறார்கள், பிரியாணிதான் பிரசாதம். அகெர்லாஃப் சொன்ன சங்கிலியில் தலைமை அலுவலகம் செய்கிற வேலையை இங்கே ஒரு சாமி செய்கிறார். கலப்படம் செய்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கை, கடைக்காரருக்கும் சரி, சாப்பிடுபவருக்கும் சரி.

அந்தக் காவல் இல்லாத பெயருக்கு என்ன கதி என்பதற்கு கும்பகோணம் டிகிரி காபி சாட்சி. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து தெற்கே போகும் சாலையில் பித்தளை டபராவுடன் ஓரிரு கடைகள் வந்தன, நன்றாகவே இருந்தன. அப்புறம் கிலோமீட்டருக்கு ஒன்று. இப்போது அந்தப் பலகையைப் பார்த்தால் கும்பகோணமும் நினைவுக்கு வருவதில்லை, காபியும் நினைவுக்கு வருவதில்லை. ஒரு அடையாளம் வேலை செய்கிறது என்று தெரிந்த உடனே அதைப் போலி செய்வது லாபமாகிவிடுகிறது. போலி பெருகியதும் அடையாளம் செத்துவிடுகிறது. பயணிகள் வேறொன்றைத் தேடிப் போகிறார்கள்.

பெயர்ப் பலகையில் இன்னொரு பழைய கணக்கும் உண்டு. ‘பிராமணாள்’ என்ற சொல் சுத்தமான சைவம் என்ற விளம்பரமாகவும், யார் எங்கே உட்கார வேண்டும் என்ற எச்சரிக்கையாகவும் ஒரே நேரத்தில் தொங்கியது. ரயில் நிலைய உணவகங்களில் தனிப் பந்தி இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 1941-ல் அது நீங்கியது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியார் நடத்திய மறியல் அந்தச் சொல்லை எதிர்த்துத்தான். நம் தாத்தாக்களில் பலருக்கு வெளியூரில் ஓட்டல் தேர்வு என்பது எங்கே நன்றாக இருக்கும் என்ற கேள்வியாகவே இருந்ததில்லை. எங்கே உள்ளே விடுவார்கள் என்பதுதான் கேள்வி. அதனால்தான் கட்டுச்சோறு. ‘சொல்லிக்கொடுத்த சொல்லும் கட்டிக்கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு’ என்ற பழமொழி கட்டுச்சோற்றின் ஆயுளைக் கேலி செய்கிறது. ஆனால் எந்தக் கடை என்ற கேள்விக்கு அதைவிடப் பத்திரமான பதில் இன்றைக்கும் கிடையாது. சமையல்காரரையும் கூடவே அழைத்துப்போகும் காசி யாத்திரை விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்து போனாலும் ரசம் சோறு உண்டு என்பதையே முதல் வரியில் போடும் சுற்றுலா நிறுவனங்களும் இருக்கின்றன.

இதுவரை ஒரு ஆள் தேர்ந்தெடுப்பதைப் போலவே பேசினேன். நிஜத்தில் வேனுக்குள் 11 பேர் இருக்கிறார்கள். அங்கே ஜெயிப்பது பெரும்பான்மைக்குப் பிடித்த கடை என்று நினைத்தால் தவறு. யாரும் வேண்டாம் என்று சொல்லாத கடைதான் ஜெயிக்கும். அசைவம் சாப்பிடுபவர்களே மிகப் பெரும்பான்மையாக இருக்கும் இந்த மாநிலத்தில் நெடுஞ்சாலை நெடுகச் சைவ ஓட்டல்கள் செழிப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம். பிரியாணி பிடித்த எட்டுப் பேரும் தோசை சாப்பிட்டுவிடுவார்கள். சைவப் பாட்டி ஒருவர் பிரியாணிக் கடைக்குள் வரமாட்டார். இதில் மாலை போட்ட ஒருவர், வெள்ளிக்கிழமை விரதக்காரர் ஒருவர், சர்க்கரை நோயாளி ஒருவர் சேர்ந்தால் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும்.

அப்புறம் கழிப்பறை. இதைப் பற்றி ஆண்கள் எழுதும் சாப்பாட்டுக் கட்டுரைகளில் ஒரு வரி இருக்காது. குடும்பத்தோடு போகும் காரில் கடையை முடிவு செய்வது பெரும்பாலும் அதுதான். காலையில் கிளம்பியதிலிருந்து தண்ணீர் குடிக்காமலேயே வரும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். உளுந்தூர்பேட்டையில் சித்தி அந்தக் கிளையைக் காட்டியதற்குப் பசி மட்டும் காரணமில்லை என்பது எனக்கே இரவு மண்டபத்தில் அவர் சொன்னபோதுதான் புரிந்தது. தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கதவு, தண்ணீர் வருகிற குழாய், உலர்ந்த தரை. இந்த மூன்றும் எங்கே உறுதியோ அங்கே சாம்பார் கொஞ்சம் தித்தித்தாலும் பரவாயில்லை. பெரிய ஓட்டல்களின் நெடுஞ்சாலைக் கிளைகள் இதைப் புரிந்துகொண்டுவிட்டன. ருசியில் மட்டும் கவனம் வைத்த சின்னக் கடைகள் பல இதில்தான் தோற்கின்றன.

இனி, ஓட்டல்களுக்குப் போடும் நட்சத்திரங்கள். முன்னே போய்ச் சாப்பிட்டு வந்தவர் பின்னே வருபவருக்கு வழி சொல்வது நமக்குப் புதிதல்ல. ஆற்றுப்படை என்று அதற்கு ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணர் இன்னொரு பாணருக்கு ஓய்மா நாட்டுக்கு வழி சொல்கிறார். கடற்கரை எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்ந்த குழல்மீன் கிடைக்கும், அந்த நாட்டு வேலூரில் புளிச்சோறும் ஆமான் என்ற காட்டுப் பசுவின் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் என்று ஊருக்கு ஊர் சாப்பாட்டைச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்த ஓய்மா நாடு இன்றைய திண்டிவனம், மரக்காணம் வட்டாரம். அதாவது இன்று நாம் தலையைச் சொறிந்துகொண்டு கடை தேடும் அதே பாதை! சொன்னவர் அந்த நாட்டு அரசன் நல்லியக்கோடனிடம் பரிசில் வாங்கிக்கொண்டு வந்தவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இன்றைக்கு யாராவது இப்படி வீடியோ போட்டால் கீழே ‘பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறார்’ என்று எழுதியிருப்பார்கள்.

மேற்கில் இந்த வேலையை எடுத்துக்கொண்டது ஒரு டயர் கம்பெனி. மிஷலின் சகோதரர்கள் 1900-ல் பிரான்சில் கார் ஓட்டுபவர்களுக்கு இலவசக் கையேடு ஒன்றை வெளியிட்டார்கள். அப்போது அந்த நாட்டில் கார்களே சில ஆயிரம்தான். மக்கள் அதிகம் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் விற்கும் என்பது கணக்கு. உணவகங்களுக்கு நட்சத்திரம் தருவது 1926-ல் தொடங்கியது; ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிகள் 1931-ல் வந்தன. அந்தப் படிகளின் பொருளே பயண மொழியில்தான் இருக்கிறது: இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே ஒரு பயணம் போகலாம். பெயர் சொல்லாமல், காசு கொடுத்துச் சாப்பிடும் ஆய்வாளர்கள்தான் அதன் முதுகெலும்பு. நாம் திரும்பி வராத கடைக்கு நமக்காகத் திரும்பிப் போகிறவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

கூகுள் மேப் அந்த வேலையை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டது. அதற்குப் பலமும் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகர ஓட்டல்களை வைத்து மைக்கேல் லூக்கா 2011-ல் செய்த ஆய்வில், யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுவதாகத் தெரிந்தது. ஆனால் தனிக் கடைகளுக்குத்தான் அந்தப் பலன்; சங்கிலி ஓட்டல்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. அந்தத் தளம் பரவிய இடங்களில் சங்கிலிகளின் பங்கு குறைந்தது. பெயரை நம்பிப் போனவர்கள், வேறு தகவல் கிடைத்ததும் பெயரை விட்டுவிட்டார்கள்.

போலியும் கூடவே வந்துவிட்டது. லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் 2017-ல் தன் தோட்டத்துக் கொட்டகையை ஓட்டல் என்று டிரிப்அட்வைசர் என்ற பயண விமர்சனத் தளத்தில் பதிவு செய்தார். நண்பர்களை விட்டு விமர்சனம் எழுத வைத்தார். ஒரு தட்டு கூடப் பரிமாறாத அந்த ‘ஓட்டல்’ சில மாதங்களில் லண்டனிலேயே முதலிடத்துக்கு வந்தது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. அதைப் பின்பற்றுவது அப்போது நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது. விமர்சனம் எழுதினால் பாதாம் பால் இலவசம் என்று கல்லாவில் ஒட்டியிருந்த காகிதத்தை நானே பார்த்திருக்கிறேன். பாதாம் பால் நன்றாக இருந்தது, ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு வந்தேன்.

நட்சத்திரத்தைவிட நான் பார்ப்பது படங்களை. கடைக்காரர் ஏற்றிய படத்தை விட்டுவிட்டு, சாப்பிட வந்தவர்கள் எடுத்ததைப் பார்க்க வேண்டும். மேசைத் துணி, டம்ளர், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் தெரியும். 40 பேர் கொடுத்த 4.9-ஐவிட 8,000 பேர் கொடுத்த 4.1 எனக்கு மேல். தமிழில் எழுதிய விமர்சனங்களில் ‘வழக்கமா இங்கதான்’ என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுவேன்.

ஆட்டோக்காரரிடம் நல்ல ஓட்டல் எது என்று கேட்டால், சுற்றுலா ஊராக இருந்தால் அவருக்குக் கமிஷன் தரும் ஓட்டலுக்குப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேட்பது கொஞ்சம் பரவாயில்லை. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. தினமும் சாப்பிடுகிறவருக்குக் காரம் குறைவாக, விலை மலிவாக, வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதாக இருக்க வேண்டும். வருடத்தில் ஒரு நாள் மதுரைக்கு வருபவர் தேடும் கறி தோசையை அந்த ஊர்க்காரர் ஆறு மாதமாகத் தொட்டிருக்கவே மாட்டார்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது இந்த யோசனையெல்லாம் மண்டையில் ஓட, பெரம்பலூரில் புறவழிச்சாலையை விட்டு ஊருக்குள் போகச் சொன்னேன். ஒரு மருந்துக் கடையில் கேட்டேன். “நான் மதியம் சாப்பிடறது அந்தச் சந்துல ஒரு மெஸ்ஸுங்க. ஆனா வண்டி போகாது” என்றார். வேனைக் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தோம். வாழை இலை, வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், கொதிக்கக் கொதிக்க ரசம். ஆளுக்கு 90 ரூபாய். மாமா இரண்டு தடவை ரசம் வாங்கிக் குடித்தார். வளைவு இல்லை, மீண்டும் வருக என்ற பலகையும் இல்லை.

கழிப்பறையும் இல்லை. பெண்களுக்காகத் திரும்ப நெடுஞ்சாலைக்கு வந்து, ஒரு பெட்ரோல் பங்கில் பூட்டியிருந்து, அடுத்ததில் சாவி தேடி, முடித்துக் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. உளுந்தூர்பேட்டையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் அந்தப் பெரிய ஓட்டலின் கிளை தெரிந்தது. “இந்தப் பக்கமும் ஒண்ணு வச்சிருந்தா நல்லாயிருக்கும்” என்றார் மாமா. சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.